வெடிக்குமா... வெடிக்காதா? கணக்கு போட்டு சொன்ன அமெரிக்க நிபுணர்!

தீபாவளிக்கு வெடி வாங்குகிறோம். பெட்டி புதுசு. லேபிள் பளபளக்கிறது. திரியைக் கொளுத்திவிட்டு ஓடி வந்து, காதைப் பொத்திக்கொண்டு நின்றால்... புஸ்!

நமுத்துப்போன வெடி.

எது வெடிக்கும், எது நமுத்தது என்று கொளுத்தும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. கொளுத்தினால்தான் தெரியும். கொளுத்திவிட்டால் அந்த வெடி போச்சு!

பட்டாசு என்றால் பத்து, இருபது ரூபாயோடு போய்விடும். இதே சிக்கல் போர்க்கப்பலில், ராக்கெட்டில், நாம் ஓட்டும் காரில் வந்தால்?

சோதித்துப் பார்த்ததைப் பயன்படுத்த முடியாது. பயன்படுத்தப் போவதை சோதித்துப் பார்க்க முடியாது. இந்த முடிச்சை கணக்கு போட்டு அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க புள்ளியியல் நிபுணர் வில்பிரட் டிக்சன்.

அவர் போட்ட கணக்கு இன்று வெடிமருந்து ஆலையில் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தின் அளவு பார்க்கவும் பயன்படுகிறது. அவர் கதைக்குப் போகும் முன், கணக்கு பார்க்காமல் விட்டதால் நடுக்கடலில் நடந்த கூத்தைப் பார்ப்போம்.

15 குண்டு... 11 புஸ்!

1943-ம் ஆண்டு ஜூலை 24. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். பசிபிக் கடலில் டிரக் தீவுக்கு அருகே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் 'டினோசா' பதுங்கி இருந்தது. எதிரே வந்தது ஜப்பானின் 'டோனான் மாரு' எண்ணெய்க் கப்பல். 19 ஆயிரம் டன். லட்டு மாதிரி இலக்கு.

டினோசாவின் கேப்டன் டாஸ்பிட் டார்பிடோ குண்டுகளை ஏவினார். தண்ணீருக்கு அடியில் பாய்ந்து போய் கப்பலில் இடித்து வெடிக்கும் குண்டு அது. முதலில் ஏவியதில் சில வெடித்து, எண்ணெய்க் கப்பல் நகர முடியாமல் நின்றுவிட்டது.

நின்ற கப்பல். அசையாத இலக்கு. இனி தப்பவே முடியாது என்று நினைத்த டாஸ்பிட், பக்கவாட்டில் நேராக நின்றுகொண்டு ஒவ்வொன்றாக ஏவினார். ஒவ்வொன்றும் குறி தப்பாமல் போய் இடித்தது. ஆனால் ஒன்றுகூட வெடிக்கவில்லை!

மொத்தம் ஏவியது 15. இடித்தும் வெடிக்காதது 11. வெறுத்துப்போன டாஸ்பிட், மிச்சம் இருந்த ஒரே ஒரு குண்டை ஏவாமல் பத்திரமாக பேர்ல் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார். "இதைப் பிரித்துப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்லுங்கள்" என்பதுதான் அதன் அர்த்தம்.

நேராக அடித்தால் வேலை செய்யாத குண்டு!

அப்போது பசிபிக் நீர்மூழ்கிப் படைக்கு தலைவராக இருந்தவர் அட்மிரல் சார்லஸ் லாக்வுட். இனி பேசிப் பயனில்லை என்று அவரே சோதனையில் இறங்கினார்.

ஹவாயில் உள்ள ஒரு தீவின் பாறைச் சுவர் மீது டார்பிடோக்களை ஏவச் சொன்னார். 2 வெடித்தன. மூன்றாவது வெடிக்கவில்லை. வெடிக்காத அந்தக் குண்டை மீட்டுப் பிரித்துப் பார்த்தார்கள்.

அடுத்து, வெடிமருந்து இல்லாத குண்டுகளை கிரேன் வைத்து 90 அடி உயரத்தில் இருந்து இரும்புத் தகடு மீது போட்டுப் பார்த்தார்கள். நேராக விழுந்த 10-ல் 7 குண்டுகளில் வெடிக்க வைக்கும் கருவி வேலை செய்யவில்லை!

காரணம் சின்னது. மருந்தைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி ஒன்று உள்ளே இருக்கும். குண்டு நேராகப் போய் பலமாக இடித்தால், அந்த வேகத்தில் ஊசி போகும் பாதையே நசுங்கி, ஊசி சிக்கிக்கொள்ளும். சாய்வாக இடித்தால் வெடிக்கும். அதாவது, குறி எவ்வளவு துல்லியமோ, அவ்வளவுக்கு குண்டு புஸ்!

கனம் குறைந்த ஊசி செய்து போட்டதும் கோளாறு சரியானது. ஆனால் அதற்குள் போர் தொடங்கி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சரி, இதை முன்பே சோதிக்கவில்லையா?

சோதித்தார்கள். 1926-ல் ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பலை நிறுத்தி, புதிய வெடிக்கும் கருவியை வைத்து இரண்டே இரண்டு முறை ஏவிப் பார்த்தார்கள். ஒன்று வெடிக்கவில்லை. இன்னொன்று வெடித்தது. அத்தோடு சரி! ஒரு டார்பிடோ விலை சுமார் 10 ஆயிரம் டாலர். அதை வெடித்து வீணாக்க மனசு வரவில்லை. சிக்கனம் பார்த்தது சோதனையில். விலை கொடுத்தது போரில்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்... இங்கே செல்லாது!

எத்தனை சோதித்தால் போதும்? இங்கேதான் கணக்கு வருகிறது.

பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வேகிறது. அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். வெடிக்கும் கருவி அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனி. ஒன்றில் மருந்து கொஞ்சம் குறையும். ஒன்றில் கம்பி ஒட்டியிருக்காது. ஒன்றில் ஈரம் ஏறியிருக்கும்.

ஆயிரம் டெட்டனேட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்துக்கு ஒன்று சொத்தை. உங்களுக்கு அது தெரியாது. குத்துமதிப்பாக 10 எடுத்து வெடிக்கிறீர்கள். பத்தும் வெடிக்கிறது. "ஆஹா, நல்ல சரக்கு!" என்று கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள்.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? பத்துக்கு ஒன்று சொத்தையாக இருக்கும் சரக்கில்கூட, எடுத்த பத்தும் வெடிக்க 100-க்கு 35 வாய்ப்பு இருக்கிறது. மூன்று முறைக்கு ஒரு முறை ஏமாந்து போவீர்கள்!

22 எடுத்து 22-ம் வெடித்தால், அந்த ஏமாற்றம் 100-க்கு 10 ஆகக் குறையும். 29 வெடித்தால் 100-க்கு 5.

100-க்கு 99 வெடிக்கும் என்று அதே உறுதியோடு சொல்ல வேண்டுமா? 299 எடுத்து ஒன்றுகூட தவறாமல் வெடிக்க வேண்டும். ஆயிரத்துக்கு 999 வெடிக்கும் என்று சொல்ல வேண்டுமா? 2 ஆயிரத்து 995 வெடித்துப் பார்க்க வேண்டும். ஒன்று புஸ் ஆனாலும் மேலும் பல ஆயிரம் சோதனை!

ஆயிரத்துக்கு 999 எதற்கு, 100-க்கு 99 போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு ராக்கெட்டில் இப்படி 100 வெடிக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 100-க்கு 99 நல்லது என்றால், நூறும் ஒழுங்காக வேலை செய்ய வாய்ப்பு 100-க்கு 37 தான். ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு 999 நல்லது என்றால் அது 100-க்கு 90 ஆக உயரும்.

ஆனால் செய்வதே 500 கருவி என்றால், 3 ஆயிரத்தை எங்கே போய் வெடிப்பது?

யார் இந்த டிக்சன்?

1915-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் பிறந்தவர் வில்பிரட் டிக்சன். 1944-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். போர்க்காலம் என்பதால் அங்கிருந்த புள்ளியியல் நிபுணர்களுக்கு ராணுவக் கணக்குகள் வந்து குவிந்தன.

அதே சமயம் பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் அருகே புரூஸ்டன் என்ற இடத்தில் வெடிமருந்து ஆராய்ச்சிக்கூடம் இயங்கி வந்தது. அங்கே தினமும் நடந்த வேலை இது: கொஞ்சம் வெடிமருந்தை வைப்பார்கள். மேலே இருந்து ஒரு எடைக்கல்லை விடுவார்கள். வெடிக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்த உயரத்தில் இருந்து கல் விழுந்தால் எந்த மருந்து வெடிக்கும் என்று தெரிந்தால்தான், எதை லாரியில் ஏற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்ல முடியும்.

அங்கே பழக்கத்துக்கு வந்த ஒரு சோதனை முறைக்கு பிரின்ஸ்டன் நிபுணர்கள் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். போர் முடிந்தபின் 1948-ல் டிக்சனும், இன்னொரு நிபுணரான அலெக்சாண்டர் மூடும் சேர்ந்து அதை கட்டுரையாக வெளியிட்டனர். வெடிமருந்து சோதனையில் இன்றுவரை பேசப்படும் கட்டுரை அது.

ஏறு... இறங்கு... அவ்வளவுதான்!

முறை ரொம்ப எளிது. வெடித்தால் ஒரு படி இறங்கு. வெடிக்காவிட்டால் ஒரு படி ஏறு!

உதாரணத்துக்கு, 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து கல்லைப் போடுகிறோம். வெடித்தது. அடுத்த மருந்துக்கு 35. வெடிக்கவில்லை. மறுபடி 40. வெடித்தது. 35. இந்த முறை வெடித்தது. 30. வெடிக்கவில்லை. மறுபடி 35...

ஒவ்வொரு முறையும் புது மருந்துதான் வைக்க வேண்டும். வெடிக்காததை மறுபடி வைக்கக் கூடாது. அடிபட்ட மருந்தின் குணம் மாறியிருக்கும்.

இப்படி ஏறி இறங்கி விளையாடும்போது, சோதனை தானாகவே ஒரு இடத்தைச் சுற்றியே வரும். பாதி வெடிக்கும், பாதி வெடிக்காது என்ற இடம் அது. ரொம்ப உயரத்திலோ ரொம்பத் தாழ்விலோ போட்டு மருந்தை வீணாக்க வேண்டியதில்லை. பழைய முறையைவிட 30 முதல் 40 சதவீதம் வரை சோதனை மிச்சமாகும் என்று டிக்சனும் மூடும் எழுதினார்கள்.

கம்ப்யூட்டர் கைக்கு வராத காலம் அது. அதனால் கணக்கையும் சுலபமாக்கினார்கள். வெடித்தது, வெடிக்காதது இரண்டில் எது குறைவோ அதை மட்டும் எண்ணினால் போதும். பென்சிலும் பேப்பரும் வைத்து விடை கண்டுபிடித்துவிடலாம்.

பாதி வெடிக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மருந்துத் துண்டும் அந்த இடத்தில் இருந்து எவ்வளவு முன்னே பின்னே போகிறது என்பதும் தெரிந்துவிட்டது. இந்த இரண்டையும் வைத்து "இதற்கு மேல் அடித்தால் ஆயிரத்தில் 999 வெடிக்கும், இதற்குக் கீழே ஆயிரத்தில் ஒன்றுதான் வெடிக்கும்" என்று கணக்கு போட்டு சொல்லலாம். 3 ஆயிரம் வெடிக்க வேண்டிய இடத்தில் சில பத்து துண்டுகளோடு வேலை முடிந்தது!

கணக்கிலும் ஓட்டை உண்டு

ஆனால் இதை கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சோதனை எல்லாம் நடந்தது நடுவில். நாம் கேட்பதோ ஓரத்தில் என்ன நடக்கும் என்று. ஆற்றின் நடுவில் ஆழம் பார்த்துவிட்டு, கரையோரத்தில் எவ்வளவு இருக்கும் என்று ஊகிப்பது மாதிரி. சரக்கு நாம் நினைத்தபடி சீராகப் பரவியிருந்தால் ஊகம் சரி. இல்லையென்றால் தப்பு.

அதனால்தான் டிக்சனுக்குப் பிறகும் இந்தத் துறையில் வேலை ஓயவில்லை. 1962-ல் லாங்லி என்பவர் படியின் அளவை சோதனை போகும் போக்கிலேயே மாற்றும் முறையைக் கொண்டு வந்தார். 1994-ல் பாரி நேயர் என்ற நிபுணர், அடுத்த சோதனையை எந்த அளவில் செய்தால் அதிக விவரம் கிடைக்கும் என்று கம்ப்யூட்டரையே கணக்கு போட வைத்தார். அவர் வேலை பார்த்தது அமெரிக்க அணு ஆயுதங்களுக்கு டெட்டனேட்டர் செய்த ஓஹியோ மாநில மவுண்ட் ஆலையில்.

வேண்டாத நேரத்தில் வெடித்தால்?

வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காதது ஒரு ஆபத்து. வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிப்பது அதைவிட பெரிய ஆபத்து.

1967 ஜூலை 29. வியட்நாமுக்கு அருகே டோங்கின் வளைகுடாவில் அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் 'பாரஸ்டல்' நின்றிருந்தது. மேல்தளத்தில் வரிசையாக போர் விமானங்கள். ஒரு விமானத்தில் மின்சார இணைப்பை மாற்றியபோது வேண்டாத மின்சாரம் பாய்ந்து ராக்கெட் ஒன்று தானாகக் கிளம்பியது. எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் டேங்கில் பாய்ந்தது. தீ பரவி குண்டுகள் வெடிக்க, 134 பேர் பலியானார்கள்.

ஆகவே வெடிக்கும் கருவிக்கு இரண்டு எல்லை வைக்கிறார்கள். இவ்வளவு மின்சாரம் வந்தால் கட்டாயம் வெடிக்க வேண்டும். இவ்வளவு வரை வந்தாலும் வெடிக்கவே கூடாது. அமெரிக்க ஏவுகணைகளில் பயன்படும் பல கருவிகள் 1 ஆம்பியர் மின்சாரத்தை 5 நிமிடம் தொடர்ந்து பாய்ச்சினாலும் சும்மா இருக்க வேண்டும். இந்த இரண்டு எல்லைகளையும் சொல்வது இதே ஏறு-இறங்கு குடும்பத்து சோதனைகள்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன வெடிகுண்டு கணக்கு!

டிக்சன் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மருத்துவ ஆராய்ச்சிக்கான கணக்குகளைப் போடும் கம்ப்யூட்டர் புரோகிராம்களை 1960-களில் உருவாக்கினார். வெடிமருந்தோடு நின்றிருந்தால் அவர் பெயர் ராணுவத்துக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மயக்க மருந்து டாக்டர்களுக்கு டிக்சன் பெயர் நன்றாகத் தெரியும். பிரசவ வலி குறைக்க முதுகில் போடும் ஊசியில் எவ்வளவு மருந்து வேண்டும்? ஒரு தாய்க்கு வலி குறைந்தால், அடுத்தவருக்கு ஒரு படி குறைத்துக் கொடு. குறையாவிட்டால் அடுத்தவருக்கு ஒரு படி கூட்டு. அதே ஏறு-இறங்கு! இந்த வகை ஆராய்ச்சிகள் டிக்சன் பெயரைச் சொல்லியே நடக்கின்றன.

விஷத்தன்மை பார்க்க விலங்குகளுக்கு மருந்து கொடுத்துக் கொல்லும் பழைய சோதனையை, வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு 2002-ல் தன் பட்டியலில் இருந்து நீக்கியது. அதற்குப் பதிலாக வந்த முறைகளில் ஒன்று ஏறு-இறங்கு முறை. அதிகபட்சம் 15 விலங்குகள் போதும். வெடிகுண்டுக்காகப் பிறந்த கணக்கு உயிரைக் காப்பாற்றியது இப்படித்தான். டிக்சன் 2008-ல் காலமானார்.

உங்கள் காருக்குள்ளும் வெடி!

இதெல்லாம் அமெரிக்கா, ராணுவம், நமக்கு என்ன என்று நினைக்கிறீர்களா? ஏர்பேக் உள்ள காரில் ஏறினால், உங்கள் முகத்துக்கு நேரே ஒரு வெடிக்கும் கருவி இருக்கிறது!

கார் மோதியதும் ஒரு சின்னக் கம்பியில் மின்சாரம் பாயும். கம்பி சூடாகி மருந்து பற்றி எரியும். அதில் கிளம்பும் வாயுவில் பை விரியும். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பொதுவாக 1.2 ஆம்பியர் மின்சாரம் 2 மில்லி செகண்ட் பாய்ந்தால் பற்ற வேண்டும். 0.4 ஆம்பியர் 10 செகண்ட் பாய்ந்தாலும் பற்றக் கூடாது.

உங்கள் காரில் உள்ள ஏர்பேக்கை யாரும் சோதித்ததில்லை. சோதித்திருந்தால் அது இருக்காது. அதன் கூடப்பிறந்தவைகளை வெடித்துப் பார்த்து, "இதுவும் அப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர் கணக்கு போட்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பிள்ளை குட்டிகளோடு வண்டி ஓட்டுகிறோம்.

அந்தக் கையெழுத்தே பொய்யானால்?

ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தில் அதுதான் நடந்தது. அதன் ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் மருந்து இருந்தது. வருடக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டு மருந்து கெட்டது. கெட்ட மருந்து அளவுக்கு மீறி வேகமாக எரிந்தது. இரும்புக் கூடு உடைந்து, துண்டுகள் ஓட்டுநர் மீது பாய்ந்தன. காப்பாற்ற வேண்டிய பையே எமனானது. அமெரிக்காவில் மட்டும் 28 பேர் உயிரிழந்தது உறுதி செய்யப்பட்டுள்ளது. அங்கே சுமார் 6 கோடியே 70 லட்சம் கருவிகளை மாற்றித் தர உத்தரவானது.

அதைவிட அதிர்ச்சி, கார் கம்பெனிகளுக்குக் கொடுத்த சோதனை விவரங்களில் பொய் இருந்ததை 2017-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டதுதான். 100 கோடி டாலர் கட்ட சம்மதித்தது. அதே ஆண்டு திவாலானது.

சோதனையில் வந்த மோசமான எண்ணை மறைக்க ஒரு அழிரப்பர் போதும். அதனால் போகும் உயிரைத் திருப்பித் தர எந்தக் கணக்காலும் முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

டகாட்டா ஏர்பேக் பொருத்திய கார்களை இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட கம்பெனிகள் திரும்ப அழைத்து கருவியை மாற்றிக் கொடுத்தன. பழைய கார் கைமாறும்போது இந்தத் தகவல் புது ஓனருக்குப் போய்ச் சேராமல் போகலாம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களும், வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள். கம்பெனி வெப்சைட்டிலும் அந்த நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். திரும்ப அழைத்த பட்டியலில் வண்டி இருந்தால், கருவியை மாற்ற காசு கேட்க மாட்டார்கள்.

நமுத்த பட்டாசு என்றால் அடுத்த திரியைக் கொளுத்திக்கொள்ளலாம். ஏர்பேக்குக்கு இரண்டாவது திரி கிடையாது!